விலை நிற்கிறது, எடை இறங்குகிறது

2021 டிசம்பரில், சென்னை மணலியில் ஒருவர் தெருவில் திரியும் விலங்குகளுக்குப் போடுவதற்காகச் சில பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கினார். ஐ.டி.சி. நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மாரி லைட். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது. எண்ணினால் 15தான் இருந்தன. நம்மில் பெரும்பாலோர் அத்தோடு விட்டிருப்போம், அவர் விடவில்லை. விஷயத்தைத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை கொண்டுபோனார். 2023இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு, வழக்குச் செலவுக்குத் தனியாக 10,000 ரூபாய், அந்தத் தொகுதி பிஸ்கட்டை மேற்கொண்டு விற்கக் கூடாது என்ற உத்தரவு.

தீர்ப்பைவிட, நிறுவனம் முன்வைத்த வாதம்தான் என்னை யோசிக்க வைத்தது. பிஸ்கட்டை நாங்கள் எண்ணிக்கையில் விற்பதில்லை, எடையில் விற்கிறோம் என்றது நிறுவனம். உறையில் நிகர எடை 76 கிராம் என்றிருந்தது. எடை போட்டுப் பார்த்தால் 15 பிஸ்கட்டும் சேர்ந்து 74 கிராம்தான் வந்தது. பொட்டலப் பொருள் விதிகள் இந்த அளவுக்கு 4.5 கிராம் வரை கூடுதல் குறைச்சலை அனுமதிக்கின்றன என்றார்கள். அந்தச் சலுகை தானாக எடை குறையக்கூடிய பொருள்களுக்கு உரியது, பிஸ்கட்டுக்குப் பொருந்தாது என்று ஆணையம் மறுத்துவிட்டது.

4.5 கிராம் என்ற எண் விதிகளில் உள்ளதுதான். 50 முதல் 100 கிராம் வரையுள்ள ஒரு தனிப் பாக்கெட்டுக்கு அவ்வளவு பிழை பொறுக்கப்படும். இயந்திரம் நிரப்பும்போது ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும் என்பதற்காக வைத்த இடைவெளி அது. அதே விதிகள், ஒரு தொகுதியில் மாதிரி எடுத்து நிறுத்தால் சராசரி எடை அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. வாங்குபவரின் கையில் இருப்பது ஒரே ஒரு பாக்கெட். சராசரி பார்க்க வேண்டியவர் அரசு ஆய்வாளர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அன்றாட நுகர்வோரின் பெரும்பாலான மனத்தாங்கல்கள் கரைந்துபோகின்றன.

ஆனால் அச்சிட்டதைவிடக் குறைவாக இருப்பது ஒரு பிரச்சினை என்றால், அச்சிட்ட எடையே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவது அதைவிடப் பெரிய பிரச்சினை. முன்னது, விதிகள் பொறுக்கும் பிழையைத் தாண்டினால், சட்டப்படி குற்றம். பின்னது முழுக்கச் சட்டப்பூர்வமானது. குடும்பச் செலவில் நாம் உணராமல் கசியும் பணம் இந்த இரண்டாவது வழியில்தான் அதிகம் போகிறது என்பது என் கருத்து.

இந்தியச் சில்லறைக் கடை 5 ரூபாய், 10 ரூபாய், 20 ரூபாய் என்ற முழு எண்களில் ஓடுகிறது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. 50 பைசா சட்டப்படி செல்லும் என்றாலும் கடையில் நீட்டினால் யாரும் வாங்குவதில்லை. அதனால் 5 ரூபாய்ப் பாக்கெட்டை 5.60க்கு விற்க முடியாது. 6 ரூபாய் ஆக்கினாலோ வாடிக்கையாளர் பக்கத்துச் சரத்தில் தொங்கும் வேறு 5 ரூபாய்ப் பொருளுக்குப் போய்விடுவார். மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் நிறுவனத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி உள்ளே இருப்பதைக் குறைப்பது. 2022இல் உக்ரைன் போரும், அந்த ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா சில வாரங்களுக்குப் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் சேர்ந்து எண்ணெய் விலையை ஏற்றின. அப்போது பாத்திரம் தேய்க்கும் விம் சோப்பின் சிறிய கட்டி 155 கிராமிலிருந்து 135 கிராமுக்கும், ஹல்திராம் ஆலு புஜியா சிறிய பாக்கெட் 55 கிராமிலிருந்து 42 கிராமுக்கும் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. விலை அப்படியே இருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 55 கிராம் 42 ஆனால் எடை ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு கிராமுக்கு நாம் கொடுக்கும் விலை 31 சதவீதம் கூடியிருக்கிறது. அதே 55 கிராமை மறுபடி வாங்க வேண்டுமென்றால் 10 ரூபாய்க்குப் பதில் 13 ரூபாய்க்கு மேல் ஆகும். குறைந்த சதவீதமும் ஏறிய சதவீதமும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் நம் பையைத் தொடுவது.

விலையேற்றத்துக்கு முகம் சுளிக்கும் நாம் எடைக் குறைப்பை ஏன் கவனிப்பதில்லை? மெட்டின் சாக்கிர், ஜோசஃப் பலக்டாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் சிகாகோ நகரின் ஐஸ்கிரீம் சந்தையை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை மாறும்போது வாங்குபவர்கள் காட்டும் எதிர்வினையோடு ஒப்பிட்டால், டப்பாவின் அளவு மாறும்போது காட்டும் எதிர்வினை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்பது அவர்கள் கண்டது. இன்னொரு ஆய்வு, பியேர் ஷாந்தோனும் நைலியா ஒர்தபயேவாவும் 2009இல் வெளியிட்டது, கண்ணைப் பற்றியது. டப்பாவின் உயரத்தை மட்டும் குறைத்தால் கண் பிடித்துவிடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் மொத்தக் குறைவைக் கண் மிகவும் குறைத்தே மதிப்பிடுகிறது. கவனக்குறைவு என்று நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மனிதக் கண் இப்படித்தான் அளக்கும் என்பது தெரிந்தே உறைகள் வடிவமைக்கப்படுகின்றன.

சிறு பாக்கெட்டின் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர் வாங்கும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டுமென்று எண்ணி, பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறையை முயன்றவர். அவருக்குப் பிறகு மகன்கள் வெல்வெட் ஷாம்புவைச் சாஷேயில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே பிரிந்து சிக் ஷாம்பு தொடங்கினார். அதுதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. பாட்டில் ஷாம்புவைக் கனவிலும் நினைக்காத வீடுகளுக்குச் சாஷே ஷாம்பு போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. பன்னாட்டு நிறுவனங்கள் பின்னால் வந்து இதே வழியைப் பிடித்துக்கொண்டன.

இதை உலக அளவில் ஒரு கோட்பாடாக ஆக்கியவரும் தமிழ்நாட்டில் பிறந்தவரே. கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத், ஏழைகளை வாடிக்கையாளர்களாக மதித்தால் நிறுவனத்துக்கும் லாபம், அவர்களுக்கும் நன்மை என்று வாதிட்டார். 2002இல் ஆலன் ஹாமண்டோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் மும்பை தாராவியையும் பணக்காரர்கள் வாழும் வார்டன் சாலையையும் ஒப்பிட்டார். தாராவிக்காரர் குழாய்த் தண்ணீருக்கு 37 மடங்கு, வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கு, அரிசிக்கு 1.2 மடங்கு அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார். கடன் வட்டியில் 53 மடங்கு. ஏழையாக இருப்பதற்கே ஒரு தனி வரி என்று அந்தப் பட்டியலைப் படிக்கலாம்.

பிரகலாத் பணிபுரிந்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனீல் கர்னானி 2007இல் இதற்கு மறுப்பு எழுதினார். பொருளைச் சிறிய உறையில் அடைத்தால் வாங்குவது வசதியாகிறது, பணம் இருக்கும் நாளில் இருக்கும் அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கிராமின் விலை குறையாதவரை பொருள் மலிவாகிவிட்டதாகச் சொல்ல முடியாது என்றார். என் பார்வையில் கர்னானி சொல்வதே சரி. காலையில் கூலி வாங்கி மாலையில் கடைக்கு வருபவருக்கு 5 ரூபாய்க் காபித்தூள் பாக்கெட் உதவுகிறது. ஆனால் அந்த 5 ரூபாய்ப் பாக்கெட்டில்தான் எடை முதலில் இறங்குகிறது, கிராம் விலை அதிகமாகவும் இருக்கிறது. அதிகம் கொடுப்பவர் கொடுக்க இயலாதவர்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் ஷாம்புதான். நம் கடைகளில் பல பிராண்டுகளின் சாஷேக்களை மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தால் அதே பிராண்டின் பாட்டிலைவிட வெகுவாக மலிவு. பாட்டிலில் இருமடங்குக்கு மேல் கொடுப்பதும் சாதாரணம். சாஷே சந்தையில் போட்டி கடுமை என்பது இதற்கு முக்கியக் காரணம். அளவு பெரிதானால் மலிவு என்ற நம்பிக்கையில் பாட்டில் வாங்கும் நடுத்தர வர்க்கத்து வீடுதான் இங்கே ஏமாறுகிறது. குவியும் பிளாஸ்டிக் உறைகளை நினைத்தால் சாஷேயைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. ஆனால் கணக்கு இதுதான்.

எடை இறக்கத்துக்குச் சட்டம் ஒரு காலத்தில் வேலி போட்டிருந்தது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின் இரண்டாவது அட்டவணையில் பிஸ்கட், ரொட்டி, தேயிலை, காபி, சமையல் எண்ணெய், பால் பவுடர், உப்பு, சோப்பு, சிமெண்ட் உட்பட 19 பொருள்கள் இருந்தன. இவற்றை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும். ரொட்டி என்றால் 100 கிராமும் அதன் மடங்குகளும். குறைந்த விலைப் பாக்கெட்டுகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் விலக்குகள் இருந்தன என்றாலும், அரை கிலோ கேட்டால் அரை கிலோ வரும் என்ற அடிப்படை உறுதி அந்த அட்டவணையால் இருந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அதை முழுவதுமாக நீக்கியது. எந்த அளவிலும் அடைக்கலாம். ஈடாக ஒவ்வொரு பாக்கெட்டிலும் அலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ மில்லிலிட்டருக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பது, எம்.ஆர்.பி.யோடு அச்சிடப்பட வேண்டும் என்றானது.

அட்டவணை போனதன் விளைவைச் சமையல் எண்ணெயில் கண்ணால் பார்க்கலாம். "ஒரு பாக்கெட் எண்ணெய் குடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது 1 லிட்டராக இருக்கலாம், 850 கிராமாகவும் இருக்கலாம். உறை ஏறக்குறைய ஒரே அளவு. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 முதல் 920 கிராம் வரும். அப்படியென்றால் 850 கிராம் பாக்கெட்டில் இருப்பது சுமார் 930 மில்லிலிட்டர். மாதம் மூன்று பாக்கெட் செலவாகும் வீட்டில் ஆண்டுக்கு இரண்டரை லிட்டர் குறையும். விலையும் அதற்கேற்பக் குறைவாக இருந்தால் நஷ்டமில்லை. இருக்கிறதா என்பது அலகு விலையைப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணெயில் இன்னொரு நுணுக்கமும் நடந்தது. சூடானால் எண்ணெய் விரியும். சில நிறுவனங்கள் 60 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் என்ற கணக்கில் அடைத்தன. சோயா எண்ணெய் 21 டிகிரியில் 1 லிட்டர் என்றால் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். 26 கிராம் எண்ணெய் வெப்பநிலைக்குள் மறைந்துவிடுகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சேர்த்து அச்சிடுமாறு உற்பத்தியாளர்களுக்குச் சொன்னது. எண்ணெய் பாக்கெட்டில் இன்று நாம் பார்க்க வேண்டியது கிராம்தான். லிட்டர் வெப்பத்தோடு மாறும், கிராம் மாறாது.

சரி, அலகு விலையாவது உதவுகிறதா? உதவுகிறது, ஆனால் அது அச்சாகும் விதத்தில் மூன்று குறைகள் உண்டு. 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் விலை கிராம் கணக்கிலும், 1 கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் வரும். அரை கிலோ பருப்பில் 0.19 என்றும் 2 கிலோ பருப்பில் 182 என்றும் இருந்தால், கடை நெரிசலில் நின்று எத்தனை பேர் ஆயிரத்தால் பெருக்குவார்கள்? அடுத்தது, விலை இரண்டு தசமங்களுக்கு முழுமையாக்கப்படுகிறது. அரை கிலோ உப்பு 14 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.028, உறையில் 0.03 என்று விழும். 13 ரூபாய் உப்புக்கும் 0.03, 17 ரூபாய் உப்புக்கும் 0.03. மலிவான பொருள்களில் இந்த எண் கிட்டத்தட்டப் பயனற்றது.

மூன்றாவது குறைதான் பெரியது. உறையில் அச்சாவது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. எம்.ஆர்.பி. உச்சவரம்பு மட்டுமே. சூப்பர் மார்க்கெட்டில் 300 ரூபாய் எம்.ஆர்.பி. பொருளை 180க்குத் தருகிறார்கள், பக்கத்தில் 220 எம்.ஆர்.பி. பொருளை 170க்குத் தருகிறார்கள் என்றால் இரண்டு உறைகளிலும் உள்ள அலகு விலைகள் பொருளற்றுப் போகின்றன. தள்ளுபடி எவ்வளவு என்று பார்த்து மகிழ்வதற்குப் பதில், கையில் கொடுக்கும் பணத்தை எடையால் வகுக்க வேண்டும். கைபேசியில் கால்குலேட்டர் இல்லாதவர் இன்று குறைவு. அரிசி, எண்ணெய், பருப்பு, தேயிலை, சலவைத்தூள் என்று மாதாமாதம் வாங்கும் ஐந்தாறு பொருள்களுக்கு 100 கிராம் விலையை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் எடையோ விலையோ நகர்ந்தது உடனே தெரியும். "20 சதவீதம் கூடுதல்" என்று பளிச்சென்று எழுதியிருந்தால், எதைவிடக் கூடுதல் என்று பார்க்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் குறைத்த எடைதான் இலவசமாகத் திரும்பி வந்திருக்கக்கூடும். ஐரோப்பியக் கடைகளில் அலமாரி விலைச்சீட்டிலேயே அலகு விலை இருப்பது 1998ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்ட நெறியால் வந்த பழக்கம். நம் பெரிய கடைகளும் அச்சிட்ட சீட்டுகளைத்தானே அலமாரியில் ஒட்டுகின்றன? இன்னொரு வரி சேர்ப்பதில் என்ன சிரமம் இருக்க முடியும்?

2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது இந்த முழு எண் பிரச்சினை தலைகீழாக வந்து நின்றது. 5 ரூபாய் பிஸ்கட்டில் வரிக் குறைப்பைக் கழித்தால் 4 ரூபாய் 45 பைசா. அப்படியே அச்சிட்ட பாக்கெட்டுகள் கடைக்கு வரவும் செய்தன. 45 பைசாவை எந்த நாணயத்தில் கொடுப்பது? ஜிபே, போன்பே வைத்திருப்பவர் பைசா வரை செலுத்தலாம். ரொக்கம் கொடுத்து வாங்குபவர் 5 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் மிட்டாயைச் சில்லறையாக ஏற்க வேண்டும். விலையைக் குறைப்பதற்குப் பதில் எடையைக் கூட்டித் தருகிறோம் என்று நிறுவனங்கள் கேட்டதில், குறைந்தபட்சம் சிறு பாக்கெட்டைப் பொறுத்தவரை, நியாயம் இருக்கிறது. ஆனால் 2017ஆம் ஆண்டு வரிக் குறைப்பு தொடர்பான ஒரு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் அதே செப்டம்பரில், எடையைக் கூட்டுவது விலையைக் குறைப்பதற்கு ஈடாகாது, வரிச் சலுகை விலையாகவே வாடிக்கையாளரைச் சேர வேண்டும் என்று சொன்னது. கொள்கையாக நீதிமன்றம் சொன்னதே சரி. ஏனென்றால் கூட்டிய எடையைச் சத்தமில்லாமல் மறுபடி இறக்குவது மிக எளிது. இதில் வருத்தம் என்னவென்றால், வரிக் குறைப்பின் பலனைத் தராத நிறுவனங்கள்மீது ஜி.எஸ்.டி. சட்டத்தின் கீழ் புதிய புகார் கொடுக்கும் வழி 2025 ஏப்ரல் 1 முதலே மூடப்பட்டிருந்தது.

2024 ஜூலை முதல் பிரான்சில் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், விலை குறையாமல் எடை குறைந்த பொருளின் அருகே அதைச் சொல்லும் அறிவிப்பை இரண்டு மாதங்களுக்கு வைக்க வேண்டும். தென் கொரியா அதே ஆண்டு ஆகஸ்டில், சொல்லாமல் எடையைக் குறைக்கும் உற்பத்தியாளருக்கு அபராதம் கொண்டுவந்தது. இரண்டு நாடுகளும் எடைக் குறைப்பைத் தடை செய்யவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்கின்றன. இந்தியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. புதிய எடைக்குப் பக்கத்திலேயே பழைய எடையை ஆறு மாதம் அச்சிட வேண்டும், எல்லா அளவுக்கும் அலகு விலையைக் கிலோ அல்லது லிட்டர் கணக்கிலேயே போட வேண்டும் என்று இரண்டு வரிகளை விதிகளில் சேர்த்தால் போதும். எண்ணெய், தேயிலை, பால் பவுடர் மூன்றுக்காவது பழைய அட்டவணையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பேன் நான்.

அதுவரை இருக்கும் வழிகளைப் பயன்படுத்துவோம். அச்சிட்டதைவிட எடை குறைந்தாலோ எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டாலோ, தமிழ்நாட்டில் அதை விசாரிக்க வேண்டியது தொழிலாளர் துறை. சட்டமுறை எடையளவுச் சட்டத்தை இங்கே அமல்படுத்துவது அந்தத் துறையின் ஆய்வாளர்களே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்த பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள் என்றால் அதே தொகுதி எண் கொண்ட இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்காமல் வாங்கி வையுங்கள். பிரித்ததைக் காட்டினால் உள்ளிருந்ததை எடுத்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். பிரிக்காததை ஆய்வாளர் தன் தராசில் வைத்தே பார்க்க முடியும்.